ஜாம்கேடில் கிணறு எங்கே தோண்டினார்கள்

சபைகள் சேர்ந்து ஏழைக் கிராமங்களில் வேலை செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் ஜாம்கேடுதான் ஞாபகம் வரும். மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் மாவட்டத்தில், இப்போது அகில்யாநகர் என்கிறார்கள், இருக்கிற ஊர். மழை மறைவுப் பிரதேசம். சோளம் விளைகிற மேட்டு நிலம். மழை பொய்த்த வருஷத்தில் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டக் கிளம்பிப் போய்விடுவார்கள். 1970-இல் அங்கே ஒரு டாக்டர் தம்பதி போய் இறங்கினார்கள். ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே. இரண்டு பேருமே நம்ம வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சிஎம்சியில், படித்தவர்கள், 1959-இல் படிப்பை முடித்தவர்கள்.

வேலூர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிஎம்சியே பல சபைகள் கூட்டாக நடத்துகிற இடம்தான். 1900-இல் மிஷன் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றை அறையில் தொடங்கியது, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆனது, அப்புறம் ஒரு மிஷனால் மட்டும் தாங்க முடியாத அளவுக்கு வளர்ந்தபோது வெவ்வேறு நாட்டுச் சபைகளும் வெவ்வேறு பிரிவுச் சபைகளும் வந்து தோள் கொடுத்தன. இன்றைக்கும் அங்கே படிக்கிற பிள்ளைகளில் பலரை ஏதாவது ஒரு சபை சிபாரிசு செய்து அனுப்பியிருக்கும், படித்து முடித்ததும் அந்தச் சபை சொல்லும் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போய் வந்தது இப்படித்தான்.

அரோலே தம்பதியும் படிப்பு முடித்துச் சில வருஷங்கள் அதே மாவட்டத்தில் வடாலா என்ற ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். நல்ல பெயர், நல்ல கூட்டம். ஆனால் அங்கேதான் ஒரு விஷயம் அவர்களை உறுத்த ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தையைக் காப்பாற்றி அனுப்புகிறோம், சில வாரத்தில் அதே குழந்தை அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. வீட்டில் குடிக்கிற தண்ணீர் அதே தண்ணீர், தட்டில் இருக்கிற சோறு அதே சோறு. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன செய்ய முடியும்? அவர்கள் அமெரிக்கா போய் மேற்படிப்பு படித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கார்ல் டெய்லரிடம் பொது சுகாதாரமும் படித்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்தபோது இருக்கிற ஆஸ்பத்திரி எதிலும் போய்ச் சேரவில்லை. அடிமட்டத்தில் இருக்கிற கிராமங்கள் நிறைந்த ஒரு பகுதியைத் தேடினார்கள், அதுவும் அந்த ஊர்க்காரர்களே கூப்பிட்டால்தான் வருவோம் என்று சொல்லித் தேடினார்கள். ஜாம்கேட்காரர்கள் கூப்பிட்டார்கள். பழைய கால்நடை மருந்தகக் கட்டடம் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார்கள். வைத்தியம் அங்கேதான் ஆரம்பமானது.

சபைகள் எங்கே வருகின்றன என்று கேட்டால், இதே காலத்தில் ஜெனீவாவில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1964-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் சபை ஆட்களும் மிஷன் டாக்டர்களும் உட்கார்ந்து, நாம் நூறு வருஷமாக நடத்துகிற ஆஸ்பத்திரிகளால் யாருக்குப் பிரயோஜனம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். சுலபமான கேள்வி இல்லை. ஆஸ்பத்திரி என்பது மிஷன்களின் பெருமை. ஆனால் கணக்கு பார்த்தபோது சபைகளின் மருத்துவப் பணத்தில் பெரும்பகுதி நோய் வந்த பிறகு பார்க்கிற வைத்தியத்துக்குப் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதுவும் கிடைக்கிறது, தூரத்துக் கிராமத்துக்காரனுக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. அதன் தொடர்ச்சியாக 1968-இல், பல நாட்டுச் சபைகளின் கூட்டமைப்பான உலகத் திருச்சபைகள் மாமன்றம் ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் என்று ஒன்றை அமைத்தது. கார்ல் டெய்லர் அதிலும் இருந்தார். வழக்கமாகக் கட்டடத்துக்குப் பணம் கேட்டு வரும் மனுக்களுக்கு நடுவே, ஜாம்கேட் மாதிரி முயற்சிகளைத் தேடிப் பிடித்து ஆதரவு கொடுத்தது அந்த ஆணையம்தான்.

சரி, ஜாம்கேடுக்கு வருவோம். போன கொஞ்ச நாளிலேயே பஞ்சம். 1972 வாக்கில் மகாராஷ்டிரத்தை உலுக்கிய அந்தப் பெரிய வறட்சியைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். டாக்டர்கள் சுகாதாரம் பற்றிப் பேசப் போனால் ஜனங்கள் தண்ணீரையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசினார்கள். இந்த இடத்தில்தான் நிறையத் திட்டங்கள் கவிழும். "நாங்கள் மருத்துவத் திட்டத்துக்குத்தான் பணம் வாங்கியிருக்கிறோம், கிணறு எங்கள் பட்ஜெட்டில் இல்லை" என்று சொல்லிவிட்டு ஊசி மருந்தோடு நின்றுவிடுவார்கள். அரோலே தம்பதி தண்ணீரில் ஆரம்பித்தார்கள். பணம் கொடுத்தவர்களும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒத்துக்கொள்ளல் சின்ன விஷயம் இல்லை என்று, கமிட்டிகளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கிணறு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கிராமங்களில் ஊர்க் கிணற்றில் தலித் மக்கள் தண்ணீர் எடுக்க முடியாது. ஓரமாகக் குடத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் உண்டு. நமக்குத் தெரியாத கதையா இது? இப்போது குழாய்க் கிணறு போட ஆள் வருகிறார், நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். சாதாரணமாக என்ன நடக்கும்? ஊர்ப் பெரியவர்கள் கூட நடப்பார்கள், ஊர்த் தலைவரான பாட்டீல் வீட்டுப் பக்கத்திலோ கோயில் பக்கத்திலோ குறி விழும். ஜாம்கேட் திட்டத்தில் கிணறுகள் தலித் குடியிருப்புகளுக்குள் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். அங்கே தண்ணீர் வந்தது. வறட்சி. வேறு எங்கேயும் தண்ணீர் இல்லை. காலகாலமாக அந்தத் தெருவுக்குள் கால் வைக்காத வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய், அதே கைப்பம்பின் கைப்பிடியைப் பிடித்து அடித்துத் தண்ணீர் பிடித்தார்கள்.

எந்தப் பிரசங்கமும் இல்லாமல் நடந்தது இது. இதைச் செய்ய அதிகமாக ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை, அந்தப் பக்கம் குழி தோண்டினாலும் இந்தப் பக்கம் தோண்டினாலும் அதே செலவுதான். ஆனால் எந்தப் பக்கம் தோண்டுவது என்று முடிவு செய்ய, ஊரின் உள்விவகாரம் தெரிந்த, அதில் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட ஆள் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஜெனீவாவிலோ லண்டனிலோ பாளையங்கோட்டையிலோ இருந்துகொண்டு இதை யாரும் முடிவு செய்ய முடியாது. பணம் அனுப்புகிறவன் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த ஆளை நம்பி விடுவது.

ஊருக்குள் நுழைய அவர்கள் பிடித்த வழியும் எனக்குப் பிடிக்கும். இளவட்டங்களோடு வாலிபால் ஆடினார்கள். எல்லா ஜாதிப் பையன்களும் ஒரே வலைக்கு இரண்டு பக்கமும் நின்று ஆட, ஆட்டம் முடிந்து உட்கார்ந்து பேச, பேச்சு விவசாயத்துக்குப் போக, அது இளம் விவசாயிகள் சங்கமாக ஆனது. பிறகு பெண்கள் மன்றங்கள் வந்தன. தடுப்பணை, மரம் நடுவது, ஆடு வாங்கக் கடன் எல்லாம் இந்தச் சங்கங்கள் வழியாகத்தான்.

கிராமத்துக்கு யார் போய் வைத்தியம் சொல்வது என்பதில்தான் அவர்கள் நிறையக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். முதலில் பயிற்சி பெற்ற நர்சுகளை அனுப்பினார்கள். நடக்கவில்லை. வெளியூர்ப் பெண், தனியாகத் தங்கப் பயம், ஊர்க்காரர்களுக்கும் அவள் அந்நியம். பிறகு ஒவ்வொரு ஊரிலிருந்தும் அந்த ஊரே தேர்ந்தெடுக்கிற ஒரு பெண்ணைப் பழக்கலாம் என்று முடிவானது. வந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித் பெண்கள், சிலர் புருஷன் கைவிட்டவர்கள், விதவைகள். வாரத்துக்கு ஒருமுறை ஜாம்கேடுக்கு வந்து, எல்லாரும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, படித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அந்தக் காலத்தில் வெவ்வேறு ஜாதிப் பெண்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாக்ரி என்கிற சோள ரொட்டி சாப்பிடுவதே பாடத்தில் பாதி.

மீதிப் பாதியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்றால், வெகு சாதாரண விஷயங்கள். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போடாதே, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டே இரு. பிரசவத்தில் தொப்புள்கொடியைக் கொதிக்க வைத்த பிளேடால் அறு. வயிற்றுப் பிள்ளை பெரிசாகிவிடும் என்று பயந்து கர்ப்பிணி பட்டினி கிடக்க வேண்டாம். அம்மை போட்டது தேவியின் கோபம் இல்லை. குஷ்டரோகம் வந்தவரை ஊரைவிட்டுத் துரத்த வேண்டாம், மாத்திரை இருக்கிறது. இவ்வளவுதான். ஆனால் இதையெல்லாம் டாக்டரம்மா மேபெல் வெள்ளைக்கோட்டோடு வந்து சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ராத்திரி பிரசவ வலி எடுக்கும்போது பக்கத்து வீட்டில் இருந்து ஓடி வருகிறவள், சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவள் சொன்னால் கேட்பார்கள்.

1971-இல் அந்தக் கிராமங்களில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 176 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் செத்துப்போயின. 1976-இல் அது 52 ஆனது. ஐந்தே வருஷம். பெரிய ஆஸ்பத்திரி கட்டி வந்த மாற்றம் இல்லை. ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது, சிசேரியனுக்கும் அவசர ஆபரேஷனுக்கும் அது தேவைதான், ஊர் ஊராகப் போகிற ஒரு குழுவும் இருந்தது. ஆனால் அந்த 176-ஐ இறக்கியது கிராமத்தில் இருந்த பெண்கள்.

நான் அங்கே போயிருந்தபோது ஒரு கிராமத்தில் அப்படிப்பட்ட ஒரு அம்மாவோடு வீடு வீடாக நடக்கக் கிடைத்தது. வயசு அறுபதுக்கு மேல் இருக்கும், கண்டாங்கி மாதிரி பின்கொசுவம் வைத்துக் கட்டிய நவ்வாரிப் புடவை. ஒரு வீட்டில் கைக்குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, பேசிக்கொண்டே மெல்ல வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. சிரித்துக்கொண்டே குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது, பிள்ளையின் தாய்க்குத் தெரியும், பக்கத்தில் நின்ற பத்து வயசுப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சிறுமியும் தங்கச்சியின் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். அந்த அம்மா என்னிடம் மராத்தியில் ஏதோ கேட்டார், கூட வந்தவர் சொன்னார்: "உங்க ஊர்ல இதெல்லாம் யார் பாக்குறாங்கன்னு கேக்குறாங்க." எங்கள் ஊரில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார் என்றேன். "அவங்க அந்த ஊர்க்காரங்களா?" என்றார் அடுத்து.

இந்தப் பெண்களில் முக்தாபாய் போல் என்பவரின் பேச்சு பிரபலம். 1988-இல் வாஷிங்டனில் உலக சுகாதாரம் பற்றி ஒரு மாநாடு, அதில் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். தலைக்கு மேலே தொங்கிய அலங்கார விளக்குகளைக் காட்டி, இவை அழகாக இருக்கின்றன, ஆனால் நிறையப் பணம் வேண்டும், கரண்ட் வேண்டும் என்றார். கையோடு கொண்டுபோயிருந்த எண்ணெய் விளக்குகளில் ஒன்றை ஏற்றி அதைக்கொண்டு இன்னொன்றை ஏற்றிக் காட்டினார். பெரிய விளக்குகளால் முடியாதது இது என்றார். அரங்கம் எழுந்து நின்றது. ஒரு கிராமத்துப் பெண் அமெரிக்கத் தலைநகரில் டாக்டர்களுக்குப் பாடம் எடுத்த அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 1974-இல் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். 1975-இல் சுகாதார நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் ஜாம்கேட் ஓர் அத்தியாயம். 1978 செப்டம்பரில் சோவியத் கஜகஸ்தானின் அல்மா ஆட்டாவில் 134 நாட்டு அரசுகள் கூடி, எல்லாருக்கும் ஆரம்ப சுகாதாரம் என்று பிரகடனம் செய்தபோது அதற்குப் பின்னால் ஜாம்கேடும் இருந்தது. 1979-இல் தம்பதிக்கு மகசேசே விருது. 2005-இல் நம் மத்திய அரசு ஆஷா பணியாளர் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும் முன்மாதிரிகளில் ஒன்று இதுதான். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்களே, அவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஜாம்கேட் அம்மாதான் கண்ணில் வருகிறார். மேபெல் 1999-இலும் ரஜனிகாந்த் 2011-இலும் காலமானார்கள். பிள்ளைகளும் மற்றவர்களும் வேலையைத் தொடர்கிறார்கள்.

மதமாற்றம் பற்றிக் கேட்பவர்கள் கேட்பார்கள், கேட்பதில் தப்பில்லை. அரோலே தம்பதி தங்கள் விசுவாசத்தை மறைத்தவர்கள் இல்லை, அதற்காகத்தான் அங்கே போனார்கள். ஆனால் அந்தக் கிராமங்களில் வேலை செய்த பெண்கள் பெரும்பாலும் இந்துக்கள், பலனடைந்தவர்களும் அப்படித்தான், மருந்துக்கும் தண்ணீருக்கும் பதிலாக யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பதிலுக்கு எதையாவது எதிர்பார்த்துச் செய்தால் அது வியாபாரம். ஒரு கிறிஸ்தவளாகச் சொல்கிறேன், நம் ஆட்களில் சிலர் இதைப் புரிந்துகொள்ள மறுப்பது எனக்கு வருத்தம்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. 1903-இலேயே நம் தாத்தா பாட்டிகள் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்து, வெள்ளைக்காரர் பணம் வேண்டாம் என்று சொந்தக் காணிக்கையில் தெலுங்கு நாட்டின் டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைக்கும் கைப்பிடி அரிசிப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தச் சங்கத்தில் முன்னால் நின்ற வெள்ளாளன்விளைக்காரர் வி. எஸ். அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில், உலகத்தின் பெரிய பெரிய மிஷன் தலைவர்கள் முன்னால் எழுந்து நின்று, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்று சொன்னார். அங்கே இருந்தவர்களில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் டோர்னக்கல்லின் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்.

அசரியா அன்றைக்கு வெள்ளைக்காரச் சபைகளைப் பார்த்துச் சொன்னதை இன்றைக்கு எங்களைப் பார்த்து யாராவது சொல்லலாம் என்பதுதான் என் கவலை. இப்போது பணம் இருக்கிற சபை நாங்கள்தான். வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டத்தை 2020-இல் திருத்திய பிறகு, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது, நிர்வாகச் செலவும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பெரிய அமைப்புகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் பணம் பெற்றுக்கொண்டிருந்த சின்னக் கிராம வேலைகள் அடிபட்டுவிட்டன. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது ஸ்தோத்திரப் பண்டிகையில் ஒரு வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற எங்களைப் போன்ற சேகரங்கள்தான் (ஒரு குருவானவரின் கீழ் இருக்கிற சபைகளின் தொகுப்பைச் சேகரம் என்போம்), வேறு யார்?

எங்கள் சேகரமும் வடக்கே ஒரு கிராமப் பணிக்குச் சில வருஷமாகக் காணிக்கை அனுப்பிவருகிறது. இந்த வருஷம் அங்கிருந்து வந்த கடிதத்தில் கட்டடம் கேட்கவில்லை. அந்தச் சுற்றுவட்டாரப் பெண்கள் மாதத்தில் இரண்டு நாள் வந்து தங்கிப் பயிற்சி எடுக்கப் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். கமிட்டியில் மூத்தவர் ஒருவர், சபைக்காக ஓடாய்த் தேய்ந்தவர், "யம்மா, பஸ் டிக்கெட்டுக்குக் குடுத்தா ஜனங்க கிட்ட எதைக் காட்டுறது? ஒரு ஹாலு கட்டுனா நம்ம சேகரத்துப் பேரு கல்லுல இருக்கும்லா" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காணிக்கை போட்ட விதவைக்கும் பீடி சுற்றுகிற அக்காவுக்கும் தன் காசு என்ன ஆனது என்று தெரிய வேண்டும். "அண்ணாச்சி, ஹாலைக் காட்டுறதுக்குப் பதிலா அந்தப் பொம்பளைங்களையே இங்க வரவழைச்சுக் காட்டுவோம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் இது முடிவுக்கு வரும். நான் வைக்கப்போகும் கோரிக்கைகள் இவை. அவர்கள் கேட்டதை, கேட்ட காரியத்துக்கே, மூன்று வருஷத்துக்கு உறுதி சொல்லிக் கொடுப்போம். நடுவில் அவர்கள் தேவை மாறினால் மாற்றிக்கொள்ள விடுவோம், ஜாம்கேடில் மருந்துக்குப் போன பணம் கிணற்றுக்குத் திரும்பிய மாதிரி. வருஷா வருஷம் அனுப்பச் சொல்லும் அறிக்கையில், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கோடு, அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வாயால் பதிவு செய்த குரலையும் அனுப்பச் சொல்வோம், அதை ஆராதனை முடிந்ததும் மொழிபெயர்த்து வாசிப்போம். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேரை அங்கே அனுப்புவோம், பரிசோதிக்க இல்லை, கூட இருந்து கற்றுக்கொள்ள. பஸ் செலவுக் கணக்கைப் போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன்.